கட்டைவிரல் பக்கத்து மணிக்கட்டு வலி: ஒரு ரப்பரும் ஒரு போத்தலும்

மகனுக்கு நாலு மாதம் ஆனபோது இந்த வலி வந்தது. தொட்டிலிலிருந்து அவனைத் தூக்கும்போதெல்லாம் கட்டைவிரல் பக்கம், மணிக்கட்டில் எலும்பு புடைத்திருக்கும் இடத்தில் சுருக்கென்று பிடிக்கும். "தைலம் போட்டு உருவிவிட்டா சரியாயிடும்டி" என்றார் அம்மா. உருவியதில் வீங்கியதுதான் மிச்சம்.

கட்டைவிரலை விரிக்கும் இரண்டு தசைநாண்கள் அந்த எலும்பின்மேல் ஒரு குறுகலான உறைக்குள் ஓடுகின்றன. உறை தடித்தால் நாண் உரசும். 1895-ல் இதை விவரித்த சுவிஸ் மருத்துவர் டி குவெர்வேனின் பெயரே இதற்கு. கைக்குழந்தைக்காரிகளுக்கு ரொம்ப சகஜம்.

முதலில் சோதனை. கட்டைவிரலை உள்ளே வைத்துக் கையை மூடி, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் மெல்லச் சாய்த்துப் பாருங்கள். அந்த இடத்தில் வலித்தால் இதுவாக இருக்கலாம். ஒரே தடவை போதும்! வாட்ஸ்அப்பில் வந்த வீடியோவை நம்பி, இதையே பயிற்சி என்று தினமும் இருபது தடவை செய்தேன். ஒரு வாரத்தில் சட்டைப் பொத்தான் போடக்கூட முடியவில்லை.

அடுத்து, அசைக்காமல் அழுத்துவது. மணிக்கட்டு நேராக இருக்கட்டும். கட்டைவிரலை வெளியே தள்ளுங்கள். மறுகையால் அதை நகரவிடாமல் பிடியுங்கள். பாதி பலம்கூட வேண்டாம். 20 விநாடி, ஐந்து தடவை. வலி பத்துக்கு மூன்றைத் தாண்டக்கூடாது, மறுநாள் காலைக்குள் அடங்கவும் வேண்டும். அடங்கவில்லையா, குறையுங்கள்.

இது பழகியபின் ரப்பர் வளையம். மீ கோரேங் (வறுத்த நூடுல்ஸ்) பொட்டலத்தில் வருமே, அதுவே போதும். ஐந்து விரலையும் குவித்து நகத்தருகே மாட்டி, கட்டைவிரலை மட்டும் மெதுவாக விரித்து, அதைவிட மெதுவாக மடக்குங்கள். 10 தடவை, இரண்டு சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள்.

கடைசியாக 500 மில்லி போத்தல். கால்பங்கு தண்ணீர் ஊற்றி மூடியை இறுக்குங்கள். முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை மேசைமேல், கை மட்டும் விளிம்புக்கு வெளியே, கட்டைவிரல் மேல்பக்கம். போத்தலை நிமிர்த்திப் பிடித்து, கோப்பையில் ஊற்றப்போவதுபோல் நாலு விநாடியில் மெல்லச் சாய்த்து இறக்குங்கள். வலி எட்டிப் பார்க்குமுன் நிறுத்துங்கள். திரும்ப நிமிர்த்துவது மறுகையின் வேலை. வாரங்கள் போகப்போகத் தண்ணீரைக் கூட்டலாம்.

குழந்தையை மட்டும் பழையபடி அக்குளில் கட்டைவிரல் விரித்துத் தூக்காதீர்கள். அப்படித் தூக்கினால் எந்தப் பயிற்சியும் பலிக்காது. உள்ளங்கை மேல்பார்த்து, ஒரு கை கழுத்துக்கடியில், மறுகை பிட்டத்துக்கடியில்.

கீழே விழுந்தபின் வந்த வலி, மரத்துப்போவது, சிவந்து சூடாவது இருந்தால் ரப்பரைத் தொடாமல் கிளினிக்குக்குப் போங்கள். ஆறு வாரமாகியும் வலி குறையவில்லை என்றாலும் போங்கள். கட்டைவிரலையும் சேர்த்துப் பிடிக்கும் பட்டை, தேவைப்பட்டால் ஸ்டீராய்டு ஊசி என்று அவர்கள் கையில் வேறு வழிகள் இருக்கின்றன.