வளைத்த கிட்டார் பக்கப்பலகையைத் திருத்தப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

பக்கப்பலகையை வளைத்து முடித்து, ஆறவைத்து, கிட்டார் வடிவ அச்சுக்குள் வைத்துப் பார்த்தால் இடுப்புப் பக்கம், அதாவது கிட்டார் நடுவில் உள்ளே ஒடுங்குகிற இடத்தில், அரை விரல் இடைவெளி தெரிகிறது. கிட்டார் செய்கிற எல்லோருக்கும் இது வரும். உடனே கை கிளாம்ப்பைத் தேடிப் போகும், இறுக்கிவிட்டால் சரியாகிவிடும் என்று தோன்றும். முதல் தவறு அதுதான்.

சூடில்லாமல் இறுக்கினால் பலகை அப்போதைக்கு அச்சோடு ஒட்டித்தான் நிற்கும். ஆனால் வடிவம் மாறியிருக்காது, கிளாம்ப்பின் பலத்தில் நிற்கிறது, அவ்வளவுதான். மேல்பலகையும் பின்பலகையும் ஒட்டிய பிறகு அந்த இழுவிசை முழுவதையும் பசைதான் தாங்க வேண்டியிருக்கும். காற்றில் ஈரம் குறைகிற நாட்களில் இடுப்பில் ரேகையோடு விரிசல் ஓடவும் இது ஒரு காரணமாகிவிடும். நான் வைத்திருக்கும் கணக்கு இதுதான்: 2 விரலால் லேசாகத் தள்ளினால் பலகை அச்சைத் தொடுகிறதா? தொட்டால் போதும், அதற்கு மேல் பலம் கேட்டால் மறுபடி சூட்டுக்குத்தான், அதாவது பலகையை வளைக்கிற சூடான குழாய்க்குத்தான் போக வேண்டும்.

சூட்டுக்குப் போகும்போது மறக்கக்கூடாத ஒன்று இருக்கிறது. இது முன்பு வளைத்த அதே மரம் இல்லை. முதல் முறை வளைத்தபோதே வளைவின் உள்முகத்தில் நார்கள் நசுங்கிவிட்டன, வெளிமுகத்தில் இழுபட்டுவிட்டன. இன்னும் கொஞ்சம் வளைக்க வேண்டும் என்றால் பரவாயில்லை, மரம் ஏற்கனவே போன திசையிலேயே போகிறது. அதிகமாக வளைந்ததைத் திறக்க வேண்டும் என்றால்தான் கவனம் தேவை, ஏனென்றால் இப்போது எல்லாம் தலைகீழ். நசுங்கிப்போன உள்முகம்தான் இப்போது இழுபடப் போகிறது, மரம் உடைவது பெரும்பாலும் இழுபடுகிற முகத்தில்தான். முதல் முறை வளைக்கும்போது மெல்லிய எஃகுத் தகட்டை வெளிமுகத்தில் வைத்துத் தாங்கியிருப்போம். திறக்கும்போது புடைத்த முகம் சூடான குழாயின் மேல் இருக்க வேண்டும், தகடு குழிந்த முகத்துக்கு வர வேண்டும். பழக்கத்தில் தகட்டைப் பழைய பக்கமே வைத்துக்கொண்டு அலையலையான ரேகையுள்ள மேப்பிள் பலகை ஒன்றை நான் திறக்கப் போனேன். டிக் என்று சின்னதாக ஒரு சத்தம். எடுத்துப் பார்த்தால் குழிந்த முகத்தில் ஒரு அலையின் ஓரம் பிசிறாக எழும்பி நின்றது. அந்தச் சத்தம் கேட்டதும் நிறுத்திவிட வேண்டும், பிசிறு சின்னதாக இருந்தால் மெல்லிய சூப்பர் குளூ விட்டு அழுத்திப் பிடித்துக் காப்பாற்றலாம். நான் நிறுத்தாமல் இன்னும் கொஞ்சம் அழுத்தினேன், பலகை போய்விட்டது.

இதைவிட ஆபத்தான ஆசை இடுப்பை நகர்த்துவது. இடுப்பு 1 செ.மீ. தள்ளி விழுந்துவிட்டது, பழைய வளைவை நேராக்கிவிட்டுப் பக்கத்திலேயே புதிதாக வளைத்துவிடலாம் என்று நினைப்போம். நடப்பது என்னவென்றால், பழைய இடம் முழுசாக நேராகாது, புதிய இடம் முழுசாக வளையாது, நடுவில் ஒரு மேடு நிற்கும். அதைத் தேய்த்து எடுக்கலாம் என்றால் பலகையே சுமார் 2 மி.மீ. கனம்தான், எவ்வளவுதான் தேய்ப்பது? பின்பலகையின் வளைவுக்கு ஏற்றபடி பலகையின் விளிம்பை ஏற்கனவே வெட்டியிருந்தால் இன்னும் சிக்கல், இடுப்பு நகர்ந்தால் அந்த வெட்டும் இடம் மாறிப்போகும். முனையில் நீளம் மிச்சம் இருந்து, விளிம்பும் வெட்டப்படாமல் இருந்தால், பலகை முழுவதையும் அச்சில் அந்த 1 செ.மீ. தள்ளி வைத்து மற்ற வளைவுகளை மட்டும் லேசாகத் திருத்துவது எவ்வளவோ மேல்.

தண்ணீர் விஷயத்தில் நிறைய பேர் தாராளமாக இருக்கிறார்கள். மறுபடி ஊறவைக்கவே வேண்டாம். சூடுதான் மரத்தை இளக்குகிறது, ஈரம் அதற்குத் துணை, கூடவே கருகாமல் காக்கும். 2 பக்கமும் லேசாகத் தெளித்துச் சில நிமிடம் விட்டால் போதும். அதிகமானால் பலகை குறுக்கே குழிந்து அலையடிக்கும். எஃகுத் தகடு ஈரமரத்தை நேரடியாகத் தொட்டால் கருநீலக் கறை விழும், நடுவில் அலுமினியத் தாளோ பழுப்புக் காகிதமோ வையுங்கள்.

சூடு 150 முதல் 160 டிகிரி செல்சியஸ் வரை இருந்தால் நல்லது. குழாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள், சுர்ரென்று உடனே வற்ற வேண்டும், முத்தாக உருண்டு ஓடினால் சூடு மிக அதிகம். பலகையைக் குழாயில் ஒரே இடத்தில் நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே இருங்கள், மரம் இளகும்போது கையில் ஒரு தளர்வு தெரியும், அதற்கு முன் அழுத்தாதீர்கள். அப்புறம், ஆறும்வரை விடாதீர்கள். வடிவம் பிடிப்பது ஆறும்போதுதான், சூடாக எடுத்து அப்படியே மேசையில் வைத்தால் மறுபடி விரியும். நான் அச்சில் மாட்டி ஒரு இரவு முழுக்க விட்டுவிடுவேன்.

எடுத்ததும் சமதளமான மேசையில் விளிம்பு கீழே இருக்கும்படி நிறுத்திப் பாருங்கள். ஒரு மூலை தூக்கி நின்றால் முறுக்கு விழுந்திருக்கிறது, குழாய்க்குக் குறுக்கே பலகை சாய்வாகப் போனதால் வருவது இது. முறுக்கை லைனிங் (பக்கப்பலகையின் உள்விளிம்பில் ஓடும் மெல்லிய மரப்பட்டை) ஒட்டுவதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும். லைனிங் ஒட்டிய பிறகு சூடு காட்டினால் பசை இளகும், ஒட்டுப் பலகையாக இருந்தால் அடுக்குகளே பிரியலாம்.

இன்னொன்று, திருத்தத் தொடங்குவதற்கு முன் 2 பக்கப்பலகைகளையும் பின்பலகை ஒட்டும் விளிம்புகள் சேரும்படி ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்திப் பாருங்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று சரியாகப் பொருந்தி, அச்சோடு மட்டும்தான் பொருந்தவில்லை என்றால், பலகைகளைத் தொடாதீர்கள், அந்த வடிவத்துக்கு அச்சை வெட்டிக்கொள்ளுங்கள். இடுப்பு 3 மி.மீ. அகலமானால் கிட்டாரின் சத்தத்தில் யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை.