சந்துக்குள் கரும்பு டிரெய்லர்: பதறாமல் ரிவர்ஸ் எடுக்கும் முறை

கரும்பு வெட்டு தொடங்கிவிட்டால் நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலைக்குப் போகும் டிராக்டர்கள் ஊர்ச் சந்து, வாய்க்கால் கரை, மதகு என்று எல்லா இடத்திலும் புகுந்து வர வேண்டியிருக்கிறது. அங்கே வண்டி மாட்டிக்கொள்வது பெரும்பாலும் பாரத்தால் அல்ல. பின்னால் பஸ்காரர் ஹாரன் அடித்ததும் அவசரமாக ஸ்டீயரிங்கை ஒடிப்பதால்தான். யார் ஹாரன் அடித்தாலும் முதல் வேலை பிரேக் பிடித்து, நியூட்ரலுக்கு வந்து, ஹேண்ட் பிரேக் போட்டு இறங்கிப் பார்ப்பது. சந்தின் அகலம், மின்கம்பம், திண்ணை, மேலே தாழ்வாகத் தொங்கும் கம்பி எல்லாவற்றையும் காலால் நடந்து பார்த்துவிட்டு ஏறினால் பாதிப் பதற்றம் அங்கேயே போய்விடும். கரும்பு பாரம் கம்பியைத் தொடும் உயரத்தில் இருந்தால் உள்ளே போகவே வேண்டாம். கம்பால் தூக்கிவிட்டுக் கடக்கலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

கிளம்பும் முன்பு, டிராக்டரின் இடது, வலது பின்சக்கரங்களுக்குத் தனித்தனியாக உள்ள இரண்டு பிரேக் பெடல்களையும் சேர்க்கும் தாழைப் போடுங்கள். வயலில் திருப்புவதற்காகப் பிரித்துவிட்டதை அப்படியே மறந்து ரோட்டுக்கு வந்தால், ஒரு பெடல் மட்டும் மிதிபட்டு டிராக்டர் ஒரு பக்கமாகச் சுழலும். பின்னால் வரும் பாரம் அதை இன்னும் தள்ளும். டிரெய்லரை மாட்டும் கொக்கியின் இரும்புப் பின் கழன்றுவிடாமல் பிடிக்கும் பூட்டு ஊசி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ரிவர்ஸில் ஸ்டீயரிங்கை ஒடித்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் டிரெய்லர் போகிறது என்பதுதான் எல்லோரையும் குழப்புகிறது. இரண்டு சக்கர டிரெய்லருக்கு ஒரு எளிய வழி உண்டு. கையை ஸ்டீயரிங்கின் அடிப்பக்கம் வையுங்கள். டிரெய்லரின் வால் வலப்பக்கம் போக வேண்டுமா, கையை வலப்பக்கம் நகர்த்துங்கள். இடப்பக்கம் என்றால் இடப்பக்கம். தாழ் கியர், ஆக்சிலேட்டர் இல்லாமல் ஐடிலிங் வேகமே போதும். கால் சுற்று ஒடித்துவிட்டுப் பொறுங்கள். டிரெய்லர் உடனே திரும்பாது. திரும்பவில்லையே என்று இன்னும் ஒடித்தால், திரும்பத் தொடங்கும்போது அளவுக்கு மீறி மடங்கிவிடும். வால் திரும்பியது கண்ணில் பட்டதும் ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் கொண்டுவந்து டிராக்டரை அதன் பின்னாலேயே போகவிடுங்கள். குட்டை டிரெய்லர் சட்டென்று மடங்கும், நீளமானது மெதுவாகத்தான் மடங்கும். வண்டி மாறினால் கையின் கணக்கும் மாற வேண்டும்.

டிராக்டரின் பெரிய டயருக்கும் டிரெய்லர் முகப்புக்கும் நடுவே ஒரு முழம்தான் இடம் என்றால் நிறுத்துங்கள். ஸ்டீயரிங்கைச் சுற்றிச் சரிக்கட்டப் பார்க்க வேண்டாம், அந்தக் கோணத்தில் இனி எது செய்தாலும் டயர் இரும்பில்தான் உரசும். முன்னால் ஓட்டி இரண்டையும் நேராக்கிக்கொண்டு மறுபடி தொடங்குங்கள். நான்கு தடவை முன்னும் பின்னும் போவதில் ஒரு குறைவும் இல்லை.

கூட நிற்கும் ஆளிடம் முன்பே பேசிக்கொள்ளுங்கள். அவர் “லெஃப்ட்ல ஒடி” என்பது ஸ்டீயரிங்கையா, டிரெய்லர் வாலையா? இது தெரியாமல்தான் பல திண்ணைகள் உடைந்திருக்கின்றன. வால் எங்கே போக வேண்டும் என்பதை மட்டும் அவர் கையைக் காட்டிச் சொல்லட்டும். “ஹோல்டான்” என்று யார் கத்தினாலும், தெருவில் நிற்கும் பையனே கத்தினாலும், உடனே நிற்க வேண்டும். ஆள் கண்ணுக்குத் தெரியாமல் போனாலும் நிறுத்துங்கள். டிராக்டருக்கும் டிரெய்லருக்கும் நடுவே மட்டும் அவர் நிற்கவே கூடாது.

முன்னோக்கித் திரும்பும்போது டிரெய்லர் சக்கரம் டிராக்டர் போன தடத்தைவிட உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். ஆகவே திருப்பத்தின் வெளிப்பக்கம் ஒட்டிப் போய், வழக்கத்தைவிடத் தள்ளி ஒடிக்க வேண்டும். அதே நேரத்தில் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கரும்பு எதிர்ப்பக்கம் வீசும். சுவரோரம் நிற்கும் பைக்கையும் அதில் உட்கார்ந்திருப்பவரையும் முதலில் நகரச் சொல்லுங்கள்.

மழை பெய்து ஊறிய வாய்க்கால் கரையில் ஓரம் ஒதுங்க வேண்டாம். மேலே புல் காய்ந்திருந்தாலும் அடியில் மண் இளகியிருக்கும். எதிரே பாரம் இல்லாத வண்டி வந்தால், அதை ஓட்டுபவரைப் பின்வாங்கச் சொல்வதுதான் முறை. பாரம் இல்லாதவருக்கு அது எளிது.

நான்கு சக்கர டிரெய்லர் என்றால் கதையே வேறு. கொக்கியில் ஒரு மடிப்பு, முன் அச்சில் இன்னொரு மடிப்பு இருப்பதால் மேலே சொன்ன கைக்கணக்கு அதற்கு ஒத்துவராது. நேராகச் சில அடி பின்னால் தள்ளலாம், அவ்வளவுதான். அதைக் கொண்டுபோகும் சந்து மறுமுனையில் திறந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே உள்ளே நுழையுங்கள்.