டாக்கோ சாலட்: கடைசி வாய் வரை மொறுமொறுப்பாக

கொத்துக்கறி வதக்கத் தெரிந்தால், காய் நறுக்க வந்தால், டாக்கோ சாலட் செய்துவிடலாம்: மசாலாக் கறி, காய், சீஸ் எல்லாவற்றையும் மொறுமொறுப்பான கிண்ணத்தில் அடுக்கிச் சாப்பிடும் சாலட் இது. ஆனாலும் முதல்முறை செய்கிறவர்களுக்குப் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்கும்: தண்ணீர். தக்காளி நீர் விடும், கழுவிய லெட்டூஸ் இலையில் ஈரம் நிற்கும், கறியில் குழம்பு மிஞ்சும். எல்லாம் சேர்ந்து அடியிலிருக்கும் டார்ட்டில்லாவை (சப்பாத்தி போன்ற மெக்சிகோ ரொட்டி) சீக்கிரமே நமுக்க வைத்துவிடும். அதனால் மசாலாவைவிட ஈரத்தைப் பற்றித்தான் இங்கே அதிகம் பேசப்போகிறேன்.

பெயரை வைத்து இதை மெக்சிகோ உணவு என்று நினைக்க வேண்டாம். இது அமெரிக்காவில், டெக்சஸ் பக்கம் வளர்ந்த டெக்ஸ்-மெக்ஸ் சமையல். மஞ்சள் செடார் சீஸ், மாட்டுக் கொத்துக்கறி, தூக்கலான சீரகம், ஐஸ்பர்க் லெட்டூஸ் நான்கும் ஒரே தட்டில் இருந்தால், மெக்சிகோ எல்லைக்கு வடக்கே பிறந்தது என்று தைரியமாகச் சொல்லலாம். 1955-இல் கலிஃபோர்னியாவில் டிஸ்னிலேண்ட் திறந்த வருடமே, அதற்குள் காசா டி ஃபிரிட்டோஸ் என்ற உணவகமும் வந்தது. சோள மாவில் செய்த சின்னக் கிண்ணத்துக்குள் பீன்ஸ், இறைச்சி, சீஸ் வைத்து ‘டா-கப்’ என்று அங்கே விற்றார்கள். கிண்ணத்தோடு சேர்த்துச் சாப்பிடும் இந்தச் சாலட்டுக்கு அதைத்தான் முன்னோடியாகச் சொல்வார்கள்.

நான்கு பேருக்குத் தேவையானவை:

கறிக்கு: கொத்துக்கறி 500 கிராம் (மாட்டிறைச்சிதான் வழக்கம், கோழியும் சரிவரும்), பெரிய வெங்காயம் 1, பூண்டு 4 பல், தக்காளி பேஸ்ட் 1 டேபிள்ஸ்பூன், காஷ்மீரி மிளகாய்த்தூள் 2 டீஸ்பூன், சீரகத்தூள் 2 டீஸ்பூன், காய்ந்த ஓரிகானோ 1 டீஸ்பூன், மிளகுத்தூள் அரை டீஸ்பூன், உப்பு 1 டீஸ்பூன்.

சால்சாவுக்கு (வேகவைக்காத தக்காளிக் கலவை): கெட்டியான தக்காளி 3, சின்னதாக வெங்காயம் 1, பச்சை மிளகாய் 1 அல்லது 2, ஒரு கைப்பிடி கொத்தமல்லி, எலுமிச்சை பாதி.

மற்றவை: 20 செ.மீ. அகலமுள்ள மைதா டார்ட்டில்லா 4, ஐஸ்பர்க் லெட்டூஸ் 1, வேகவைத்த ராஜ்மா அல்லது கறுப்பு பீன்ஸ் 1 கப், செடார் சீஸ் 100 கிராம், அவகாடோ (வெண்ணெய்ப்பழம்) 2, சவர் கிரீம் (புளித்த பாலேடு) அரை கப், இன்னொரு எலுமிச்சை.

மிளகாய்த்தூளைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அமெரிக்கச் சமையல் குறிப்புகளில் வரும் சில்லி பவுடர், மிளகாயோடு சீரகம், ஓரிகானோ, பூண்டுத்தூள் எல்லாம் கலந்தது. காரம் குறைவு. அங்கே 2 டேபிள்ஸ்பூன் என்று போட்டிருக்கிறதே என்று நம் மிளகாய்த்தூளை அதே அளவு கொட்டினால் வாயில் வைக்க முடியாது. மேலே கொடுத்த அளவு அந்தக் கலவைக்குப் பதிலாகத்தான். நிறத்துக்காகக் காஷ்மீரி, சுவையைத் தூக்கி நிறுத்துவது சீரகம். அதைக் குறைக்காதீர்கள்.

ராஜ்மாவைக் காய்ந்த பயறாக வாங்கினால், இரவே ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, குக்கரில் மசியும் பதத்துக்கு வேகவிடுங்கள். அரைவேக்காட்டு ராஜ்மாவில் வாந்தி, வயிற்றுப்போக்கு வரவழைக்கும் நச்சு இருக்கும். நன்றாகக் கொதித்தால்தான் அது போகும். டின்னில் வருவது ஏற்கெனவே வெந்ததுதான். அலசி, வடிகட்டினால் போதும்.

1. சால்சாவில் தொடங்குங்கள்

தக்காளியைப் பொடியாக நறுக்கி, அரை டீஸ்பூன் உப்பு பிசிறி, ஒரு கிண்ணத்தின்மேல் சல்லடையில் வைத்துவிடுங்கள். 15 நிமிடத்தில் கிண்ணத்தில் இளஞ்சிவப்பாக நீர் சேர்ந்திருக்கும். அதைக் கொட்டிவிடாதீர்கள், பிறகு வேலை இருக்கிறது. வடிந்த தக்காளியோடு வெங்காயம், பச்சை மிளகாய், கொத்தமல்லி நறுக்கிப் போட்டு, எலுமிச்சை பிழிந்து வையுங்கள். உப்பைச் சுவைத்துப் பார்த்துச் சேர்த்தால் போதும், தக்காளியிலேயே கொஞ்சம் இருக்கிறது.

2. டார்ட்டில்லா கிண்ணம்

ஓவன் அடுப்பை 190 டிகிரி செல்சியஸில் சூடாக்குங்கள். டார்ட்டில்லாவின் இரண்டு பக்கமும் எண்ணெய் தடவி, ஓவனில் வைக்கக்கூடிய ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து அதன்மேல் போர்த்துங்கள். குளிர்ந்த டார்ட்டில்லா மடிக்கும்போது விரிசல் விடும்; தோசைக்கல்லில் சில நொடி வாட்டிக்கொண்டால் துணிபோல் படியும். 12 முதல் 15 நிமிடத்தில் ஓரங்கள் பொன்னிறமாகிவிடும். எடுத்ததும் கொஞ்சம் மெத்தென்றுதான் இருக்கும், ஆற ஆற விறைக்கும்.

ஆறுவதற்கு முன் உட்பக்க அடியில் ஒரு பிடி துருவிய சீஸ் தூவிவிடுங்கள். அந்தச் சூட்டிலேயே உருகிப் படிந்து, ஈரம் கீழே இறங்காமல் காக்கும். ஓவன் இல்லையென்றால் கவலை வேண்டாம், உப்பு மட்டும் போட்ட சோளச் சிப்ஸ் வாங்கிப் பரிமாறும்போது நொறுக்கிச் சேருங்கள். டெக்சஸிலும் பல வீடுகளில் அப்படித்தான்.

3. கறி

இங்கே அவசரப்படக் கூடாது. அகலமான வாணலியை நன்றாகக் காயவைத்து, ஒரு டீஸ்பூன் எண்ணெய் விட்டு, கறியைப் பரப்பிப் போடுங்கள். இரண்டு மூன்று நிமிடம் கிளறாதீர்கள். பிறகு கரண்டியால் உடைத்துவிடுங்கள். முதலில் கறி தன் நீரிலேயே கொதிக்கும், சத்தம் மந்தமாகக் கேட்கும். நீர் வற்றியதும் சத்தம் மாறி, சடசடவென்று பொரியத் தொடங்கும். அந்தச் சத்தம் வரும் வரை மசாலா டப்பாவைத் திறக்காதீர்கள். கறி பழுப்பாவது அப்போதுதான், ருசியும் அதில்தான்.

கொழுப்பு நிறையப் பிரிந்திருந்தால் ஒரு டேபிள்ஸ்பூன் அளவு விட்டுவிட்டு மீதியை வடித்துவிடுங்கள். வெங்காயம், பூண்டு போட்டு வதக்கி, தூள்களைச் சேர்த்து அரை நிமிடம் பிரட்டுங்கள். தக்காளி பேஸ்ட், உப்பு, அரை கப் தண்ணீர் சேர்த்து மிதமான தீயில் வற்றவிடுங்கள். கரண்டியால் வாணலியின் நடுவே ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். இரண்டு பக்கமிருந்தும் நீர் ஓடிவந்து கோட்டை மூடினால் இன்னும் வற்ற வேண்டும். கோடு அப்படியே நின்றால் அடுப்பை அணைத்துவிடலாம்.

கறியைப் பத்து நிமிடம் ஆறவிடுங்கள். கொதிக்கக் கொதிக்கப் போட்டால் லெட்டூஸ் வாடிப்போகும். கறி சாப்பிடாதவர்கள் இரண்டு கப் ராஜ்மாவை ஒன்றிரண்டாக மசித்து, இதே மசாலாவில் வதக்கலாம். அதுவும் அருமையாக இருக்கும்.

4. லெட்டூஸ், அவகாடோ, டிரெஸ்ஸிங்

லெட்டூஸின் தண்டுப் பக்கத்தை மேடையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினால் தண்டு தளர்ந்துவிடும், திருகி எடுத்துவிடலாம். இலைகளைக் குளிர்ந்த நீரில் அலசி, சுத்தமான துணியில் சுற்றி ஈரத்தை ஒற்றி எடுங்கள். இலையைத் தொட்டால் விரலில் ஈரம் ஒட்டக் கூடாது. பிறகுதான் நறுக்க வேண்டும். ரொமைன் லெட்டூஸும் நல்லதுதான், ஆனால் ஐஸ்பர்க்கின் கறுக்மொறுக் அதில் வராது.

அவகாடோவை எலுமிச்சைச் சாறும் உப்பும் போட்டு முள்கரண்டியால் மசியுங்கள். அங்கங்கே கட்டி இருந்தால்தான் நன்றாக இருக்கும்.

மேலே ஊற்றும் டிரெஸ்ஸிங்குக்கு, எடுத்துவைத்த தக்காளி நீர் இரண்டு மூன்று டேபிள்ஸ்பூனைச் சவர் கிரீமில் விட்டுக் கலக்குங்கள், ஒரு சிட்டிகை சீரகத்தூளும் போடுங்கள். சவர் கிரீம் கிடைக்காத ஊரில் கெட்டித் தயிரைத் துணியில் கட்டி இரண்டு மணி நேரம் தொங்கவிட்டால் அதே வேலை ஆகும்.

5. அடுக்குவது

எல்லாரும் உட்கார்ந்த பிறகு அடுக்குங்கள். கிண்ணத்தின் அடியில் லெட்டூஸ், அதன்மேல் ராஜ்மா அல்லது கறுப்பு பீன்ஸ், வெதுவெதுப்பான கறி, கறியின்மேல் சீஸ், பிறகு சால்சா, அவகாடோ. டிரெஸ்ஸிங் கடைசியில், கரண்டி அளவாக. சீஸைக் கட்டியாக வாங்கி அப்போதே துருவுங்கள். துருவி விற்பதில் ஒட்டாமலிருக்க மாவுப் பொருள் சேர்த்திருப்பார்கள், கறிச் சூட்டில் சரியாக உருகாது.

மிஞ்சினால் தனித்தனியாக எடுத்துவையுங்கள். கறி ஃபிரிட்ஜில் மூன்று நாள் தாங்கும். கிண்ணங்களை முழுக்க ஆறிய பின் காற்றுப் புகாத டப்பாவில் வைத்தால் மறுநாளும் மொறுமொறுப்பு இருக்கும். அவகாடோவின்மேல் பிளாஸ்டிக் தாளை இடைவெளி இல்லாமல் ஒட்டி மூடுங்கள், காற்றுப் பட்டால் கறுத்துவிடும். அடுக்கிவிட்ட சாலட்டை மட்டும் எடுத்துவைக்க வழியில்லை, அதை அன்றைக்கே முடித்துவிடுங்கள்.