மாசி பங்குனியில மலை ஏறப் போறீங்களோ? திருகோணமலைக்காரர் மலை தெரிவு செய்யிற விதம்

சுவிஸில இருக்கிற என்ர பெரியம்மாட மகன் ஒரு நடைப் பைத்தியம். பங்குனி (மார்ச்) பிறந்தா எந்த மலை எண்டு சொல்ல முதல் பனிக்கோடு எத்தினை மீற்றர்ல நிக்குது எண்டுதான் பாப்பான். அங்க கீழ பூ பூக்கத் தொடங்கியிருக்கும், 1500, 1800 மீற்றர் தாண்டினா இன்னும் பனி, அதுவும் வெயில்ல இளகி முழங்கால் வரைக்கும் புதையிற பனி, அதால தெற்குப் பாத்த சரிவாத் தேடி எடுப்பானாம், ஏனெண்டா அந்தப் பக்கம் வடக்குச் சரிவை விட சில நூறு மீற்றர் மேல வரைக்கும் கரைஞ்சு காஞ்சு கிடக்கும். உச்சிக்குப் போக ஏலாட்டி என்ன, தூரத்தையும் ஏத்த இறக்கத்தையும் கூட்டி உடம்பை முறிச்சுப்போட்டு வருவான்.

எங்களுக்கு அந்தக் கரைச்சல் இல்லை. இலங்கையில ஆக உயரமான பீதுருதாலகாலை 2524 மீற்றர், எங்கட வானத்தில தண்ணி உறையிற உயரம் 5000 மீற்றருக்குக் கிட்ட. தை மாசியில நுவரெலியாப் புல்லில விடியப்பறம் வெள்ளையாப் படியுமே, அதுதான் எங்கட பனி, வெயில் வந்தா போயிடும். ஆனா அவன் முதல்ல கேக்கிற கேள்வியை நாங்களும் கேக்கவேணும், பனிக்குப் பதிலா ஈரம், அவ்வளவுதான் வித்தியாசம். நான் இதை ஈரக்கோடு எண்டு சொல்லுவன். மலையின்ர எந்தப் பக்கம், எந்த உயரம் வரைக்கும் காஞ்சிருக்கு? உயரம், பேர், ஃபேஸ்புக் படம் எல்லாம் அதுக்குப் பிறகு.

இதை நான் அடிபட்டுத்தான் படிச்சன். ஒருக்கா பொங்கல் முடிஞ்ச அடுத்த கிழமை திருகோணமலை உப்புவெளியில வெயில் பளிச்செண்டு எறிக்குது, மழைக்காலம் முடிஞ்சுது எண்டு நாலு பேர் நக்கிள்ஸ் மலைத்தொடரில இருக்கிற றிவஸ்ரன் பக்கம் வெளிக்கிட்டம். மலையில முகில் இறங்கி ரோட்டே தெரியேல்ல, பாதை முழுக்கச் சேறு, அரை மணித்தியாலத்தில ஒரு பொடியன்ர காலில மட்டும் பதினேழு அட்டை, எண்ணினது நான்தான். கீழ ஓடையைக் கடக்கலாம் எண்டு ஒருத்தர் சொல்லி, இறங்கிப் பாத்தா தண்ணி இடுப்புக்கு மேல இழுக்குது. திரும்பி வந்து ரத்தோட்டையில கொத்து சாப்பிட்டதுதான் அண்டைய சாதனை. கடற்கரை வானத்தைப் பாத்து மலையைத் தீர்மானிக்கக் கூடாது எண்டு அண்டைக்கு விளங்கினது.

கணக்கு இதுதான். வடகீழ் பருவமழை மார்கழியில இருந்து மாசி வரைக்கும் (டிசம்பர் - பெப்ரவரி), அது எங்கட பக்கத்தில இருந்து அடிச்சு மலையின்ர கிழக்குச் சரிவிலதான் போய்க் கொட்டும். நக்கிள்ஸ் மலைத்தொடர் நடு மலைநாட்டில இருந்து மகாவலிப் பள்ளத்தாக்கால பிரிஞ்சு தனிய நிக்கிறபடியா ரெண்டு பருவமழையையும் வாங்கும். தையில றிவஸ்ரன், இலுக்கும்புர, லக்கல, மீமுரேப் பக்கமெல்லாம் ஊறிக் கிடக்கும். மாசி நடுப்பகுதிக்குப் பிறகு அந்தப் பக்கம் காயத் தொடங்கும், அட்டையும் குறையும். அதே நேரம் மேற்குச் சரிவு, சிவனொளிபாதமலைப் பக்கம், மார்கழியில இருந்தே ஓரளவு காய்வு, யாத்திரைக் காலம் மார்கழிப் போயாவில (பௌர்ணமி) தொடங்கி வெசாக்கோட முடியிறதுக்கு அதுவும் ஒரு காரணம். அதால மாசி முன்பாதியில போறதெண்டா மேற்குப் பக்கம், மாசிக் கடைசியில இருந்து பங்குனி நடுவரைக்கும் எண்டா நக்கிள்ஸ் கிழக்குப் பக்கம். என்னைக் கேட்டா வருசத்தில ஆகத் திறமான மூண்டு நாலு கிழமை அதுதான்.

பங்குனி நடுப்பகுதிக்குப் பிறகு சித்திரை முடியும் வரைக்கும் வேற விளையாட்டு. காலமை வானம் கழுவி விட்ட மாதிரி இருக்கும், பதினொரு மணிக்கு முகில் கூடும், ரெண்டு மணிக்கு இடி. இது பருவமழை இல்லை, வெயில்ல சூடாகி மேல எழும்பிற காத்து மலையில முட்டி முகிலாகிறது, அதால அநேகமா பின்னேரத்திலதான் வரும். நக்கிள்ஸ் மேட்டில நிறைய இடம் மொட்டைப் புல்வெளி, அதில நிக்கிற ஆக உயரமான சாமான் நீங்கள்தான். மின்னலுக்கும் இடிச்சத்தத்துக்கும் இடையில 30 செக்கனுக்குக் குறைவெண்டா மேட்டை விட்டு இறங்கவேணும், கடைசி இடி கேட்டு 30 நிமிசம் போகாமல் திரும்ப ஏறக்கூடாது. சித்திரையில போறதெண்டா மத்தியானம் 12க்கு உச்சியை விட்டு இறங்கக்கூடிய மலையா மட்டும் எடுங்கோ.

இப்ப கஷ்டம் எண்ட விசயத்துக்கு வாறன், கனபேர் பிழை விடுறது இதிலதான். மலை எவ்வளவு உயரம் எண்டு பாக்கிறாங்கள், எங்க இருந்து ஏறத் தொடங்கிறம் எண்டு பாக்கிறேல்ல. ஹோர்ட்டன் சமவெளியில இருக்கிற கிரிகல்பொத்த 2388 மீற்றர், நாட்டில ரெண்டாவது பெரிய மலை, ஆனா நீங்கள் வாகனத்தால இறங்கிற இடமே 2100க்குக் கிட்ட, அதால உண்மையான ஏத்தம் சில நூறு மீற்றர்தான், போக 7 வர 7 எண்டு தூரம்தான் ஆளைக் களைக்க வைக்கும். சிவனொளிபாதமலை அதை விடக் குறைவு, 2243 மீற்றர், ஆனா நல்லதண்ணியில இருந்து ஏறினா கிட்டத்தட்ட 1000 மீற்றர் ஏத்தம், முழுக்கப் படி. இறங்கி வந்து அடுத்த நாள் பாத்ரூம் போகேக்க எது பெரிய மலை எண்டு முழங்கால் சொல்லும்.

நேரத்துக்கு ஒரு பழைய கணக்கு இருக்கு, நெய்ஸ்மித் எண்ட ஸ்கொட்லாந்துக்காரர் 1892ல சொன்னது, 5 கிலோமீற்றருக்கு ஒரு மணித்தியாலம், அதோட 600 மீற்றர் ஏத்தத்துக்கு இன்னொரு மணித்தியாலம். 12 கிலோமீற்றர் நடை, 900 மீற்றர் ஏத்தம் எண்டு வையுங்கோ, நாலு மணித்தியாலத்துக்குச் சொச்சம் குறைவா வரும். இது குளிர் நாட்டு ஆள், நல்ல பாதை, நல்ல உடம்பு. எங்கட வெக்கைக்கும் மானாப்புல்லுக்கும் நான் எப்பவும் ஒண்டரையால பெருக்குவன், அப்ப ஆறு மணித்தியாலம், சாப்பாடும் படம் எடுக்கிறதும் ஒரு மணித்தியாலம். காலமை ஆறரைக்குத் தொடங்கினா ஒண்டரைக்குக் கீழ. இந்தக் கணக்கில ரெண்டு மணி தாண்டினா அந்த மலை இந்த முறைக்கு இல்லை. சுவிஸில சித்திரையில எட்டு மணி வரைக்கும் வெளிச்சமாம், இங்க ஆறரைக்கு இருட்டு, மரக்காட்டுக்குள்ள அதுக்கும் முதல்.

முதல் தரம் கஷ்டமான நடை தேடுற ஆக்களுக்கு இலுக்கும்புரப் பக்கம் மானிகல நல்லம். பிட்டவல பத்தன எண்ட புல்வெளியைப் பாத்திட்டு மலை ஏறினன் எண்டு சொல்லிறாக்களும் இருக்கினம், அது சின்னப் பிள்ளையளோட போற நடை, கணக்கில வராது. உடம்பு பழகின ஆக்கள் கொம்பானிய மலையைப் பாக்கலாம், 1906 மீற்றர், நக்கிள்ஸ் தொடரிலயே அதுதான் ஆக உயரம், ஆனா முகில் காட்டுக்குள்ள பாதை தொலையிறது லேசு, தெரிஞ்ச வழிகாட்டி இல்லாமல் போகாதேங்கோ. மீமுரேயில லக்கேகல இருக்கு, அந்தக் கூர்ப் பாறைப் படத்தைப் பாத்து மயங்கிறது வழமை, அது நடை இல்லை, பாறை ஏறத் தெரிஞ்சவனுக்கு விட்டிடுங்கோ. கிட்டத்தில ரிட்டிகலை இருக்குதானே எண்டு கேப்பியள், அது 766 மீற்றர், கடும் பாதுகாப்புக் காடு, பழைய மடம் இருக்கிற இடம் மட்டும் பாக்கலாம், அனுமதி இல்லாமல் உச்சிக்கு விடமாட்டினம். நக்கிள்ஸுக்கும் வனத் திணைக்களத்து ரிக்கெட் வேணும், சில பாதைக்கு வழிகாட்டி கட்டாயம், இரவு தங்கிறதெண்டா தனி அனுமதி.

இன்னொண்டு, பழைய பதிவுகளை நம்பாதேங்கோ. 2025 கார்த்திகையில டிட்வா புயல் வந்து மலைநாட்டில கண்ட இடமெல்லாம் மண்சரிவு, அதுக்கு முதல் எழுதின பாதை விவரம், ஃபோன்ல இறக்கி வச்ச கோடு எல்லாம் இப்பவும் அப்பிடியே இருக்கெண்டு நினைக்கக் கூடாது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் போடுற மண்சரிவு எச்சரிக்கையை முதல் நாள் பாருங்கோ, மஞ்சள் எண்டாலும் அந்தப் பிரதேசத்தை விட்டிட்டு வேற இடம். அதுக்கு மேல ஊர்ச்சனத்திட்ட கேளுங்கோ. தேயிலைத் தோட்டப் பக்கமெண்டா எங்கட தமிழ், அந்த அம்மாமார் எந்த வளைவில அட்டை எண்டு வரைக்கும் சொல்லுவினம். கிராமப் பக்கமெண்டா ‘கூடெல்லோ இன்னவத’ (அட்டை இருக்கோ) எண்டு சிங்களத்தில ஒரு கேள்வி போதும், அவையள் சிரிக்கிற சிரிப்பிலயே பதில் வந்திடும்.

எங்கட காலுக்கும் ஒரு குறை இருக்கு, கடல் மட்டத்தில வளந்த கால். ஒரு மாசத்துக்கு முதல் தொடங்குங்கோ, பிரட்றிக் கோட்டை வாசல்ல இருந்து கோணேசர் கோயில் வரைக்கும் காலமை வெயிலுக்கு முதல் முதுகில தண்ணிப் போத்தலோட ஏறி இறங்குங்கோ, மான்கள் ஒரு மாதிரிப் பாக்கும், பறவாயில்லை. ஏறுறதை விட இறங்கிப் பழகிறதுதான் முக்கியம், முழங்கால் உடையிறது இறங்கேக்கதான்.

சாமான் பெரிசா ஒண்டும் இல்லை. பிடி உள்ள சப்பாத்து, காஞ்ச மானாப்புல் சறுக்கினா எண்ணெய் மாதிரி. ஆளுக்கு மூண்டு லீற்றர் தண்ணி, பங்குனியில ஓடையள் வத்தியிருக்கும். தண்ணியில கரைச்சுக் குடிக்கிற ஜீவனி உப்புத்தூள் ரெண்டு பைக்கற், கச்சான், பேரீச்சம்பழம், சோத்துப் பார்சல். அட்டைக்கு நீளச் சொக்ஸும் சவுக்காரமும், சித்தாலேப தைலம் பூசிறாக்களும் இருக்கினம். நெருப்பு மட்டும் வேண்டாம், அந்த மாசத்தில புல் முழுக்க வெடிமருந்து மாதிரி, ஒரு சிகரெட் அடிக்கட்டை போதும். சருகுக்குள்ள கையை விடாதேங்கோ, மூக்கு தூக்கின சின்ன விரியன் படுத்திருக்கும், இங்க ஆஸ்பத்திரியளில குடுக்கிற விசமுறிவு மருந்து அதுக்கு வேலை செய்யாது. கடிச்சா ஓடாமல், வெட்டாமல், 1990 அம்புலன்ஸுக்கு அடிச்சு ஆளைத் தூக்கிக்கொண்டு இறங்கிறதுதான். சிக்னல் கன இடத்தில இல்லை, அதால எந்தப் பாதை, எத்தினை மணிக்கு இறங்குவம் எண்டு முதல் நாளே வீட்டில ஒரு ஆளுக்கு எழுதிக் குடுத்திட்டுப் போங்கோ.

பயணத்தைப் பற்றியும் சொல்லவேணும். ஒரு நாள் மலையேற்றம் எண்டா நடக்கிறது ஒரு நாள், அவ்வளவுதான். இரவு ரெண்டு மணிக்கு திருகோணமலையில வெளிக்கிட்டு காலமை மலையில நிக்கிற திட்டத்தை விடுங்கோ, கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையில ரோட்டில யானை நிக்கும், ட்ரைவரும் நித்திரை, மலை ஏறுறதும் நித்திரைத் தூக்கத்தில. முதல் நாள் பின்னேரமே போய் தம்புள்ளையிலயோ மாத்தளையிலயோ படுத்திட்டு விடிய அஞ்சுக்கு எழும்பினா காணும். திரும்பி வரேக்கயும் ஹபரணையை இருட்டுக்கு முதல் தாண்ட ஏலாது எண்டு தெரிஞ்சா தம்புள்ளையில ஒரு பிளேன்ரீ குடிச்சிட்டு, பெரிய பஸ் ஒண்டு வரும்வரைக்கும் நிண்டு அதுக்குப் பின்னால மெதுவா வாங்கோ, நாங்கள் எப்பவும் அப்பிடித்தான் வாறனாங்கள்.