தெர்மல் வியூவரா, தெர்மல் ஸ்கோப்பா? இரவில் பன்றி வேட்டைக்குப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் காட்டுப்பன்றித் தொல்லை எவ்வளவு என்று அங்கே நிலம் வைத்திருக்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஒரே இரவில் வயலைக் கிளறிப் போட்டுவிட்டுப் போய்விடும். தனியார் நிலத்தில், உரிமையாளர் சம்மதித்தால், இரவிலும் பன்றியைச் சுடலாம். 2019 செப்டம்பரிலிருந்து அதற்கு வேட்டை உரிமம்கூட வேண்டாம். அதனால் புதிதாக வருகிறவர்கள் அதிகம், அவர்களில் பெரும்பாலானோர் முதலில் கேட்பது "எந்த ஸ்கோப் வாங்கலாம்?" என்றுதான்.

தவறு அந்தக் கேள்வியிலேயே தொடங்குகிறது. தெர்மல் சாதனம் உடல் சூட்டை இருட்டிலும் படமாகக் காட்டும்; துப்பாக்கியின் மேல் மாட்டிக் குறிபார்ப்பது ஸ்கோப், கையில் பிடித்துப் பார்ப்பது வியூவர். ஸ்கோப் ஒன்று போதும், தேடுவதையும் அதிலேயே தேடிக்கொள்ளலாம் என்று நினைக்கிறார்கள். ஸ்கோப் துப்பாக்கியின் மேல் உட்கார்ந்திருக்கிறது, நீங்கள் எங்கே பார்த்தாலும் குழலும் அங்கேதான் திரும்பும். வயல் ஓரத்தில் வெள்ளையாக ஒரு சூட்டுப் புள்ளி தெரிகிறது. அது பன்றியா, புல்லில் படுத்திருக்கும் கன்றுக்குட்டியா, தண்ணீர்க் குழாயைப் பார்க்க வந்த பக்கத்துப் பண்ணைக்காரரா என்று உங்களுக்கு இன்னும் தெரியாது, ஆனால் தோட்டா ஏற்றிய துப்பாக்கி ஏற்கெனவே அதை நோக்கி நீண்டிருக்கிறது. சுடப்போவதில்லை என்றால் குழலை அந்தப் பக்கம் திருப்பாதே என்பது துப்பாக்கி பிடிக்கக் கற்றுக்கொள்கிறவருக்குச் சொல்லித்தரும் முதல் விதிகளில் ஒன்று. ஸ்கோப்பால் தேடுகிறவர் அந்த விதியை இரவு முழுக்க மீறிக்கொண்டே இருக்கிறார்.

ஆகவே ஒன்றுதான் வாங்கப் பணம் இருக்கிறது என்றால் கையில் பிடிக்கும் வியூவரை வாங்குங்கள். துப்பாக்கியில் சிவப்பு அல்லது பச்சை விளக்கு மாட்டிக்கொண்டால் கிட்டத்தில் சுட அது போதும். ஸ்கோப்பை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்தது, பெட்டியில் போட்டிருக்கும் தூரத்தை நம்புவது. "1,800 மீட்டர்" என்று அச்சடித்திருப்பார்கள். ஏதோ சூடாக ஒன்று இருக்கிறது என்று கண்டுகொள்ளும் தூரம் அது, என்ன என்று அடையாளம் தெரியும் தூரம் இல்லை. நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சூட்டை உணரும் சென்சாரில் ஒரு பிக்சல் (ஒரு படப்புள்ளி) 12 மைக்ரான், லென்ஸின் குவியத்தூரம் 35 மி.மீ. என்றால் 100 மீட்டரில் ஒரு பிக்சல் ஏறக்குறைய மூன்றரை சென்டிமீட்டரைக் காட்டும். ஒரு மீட்டர் நீளமுள்ள பன்றிக்கு அங்கே 29 பிக்சல் கிடைக்கும், மூக்கும் முதுகும் பிரிந்து தெரியும். 300 மீட்டரில் பத்துப் பிக்சல்தான். ஆயிரம் மீட்டரில் மூன்று! மூன்று பிக்சலை வைத்துப் பன்றி எது, மான் எது என்று யாராலும் சொல்ல முடியாது, மானை இரவில் சுடுவது டெக்சாஸில் குற்றம். டிஜிட்டல் ஜூம் இதற்கு உதவாது, இருக்கிற பிக்சலைத்தான் அது பெரிதாக்கிக் காட்டும்.

லென்ஸிலும் பலர் தலைகீழாக யோசிக்கிறார்கள். தூரம் தெரியட்டும் என்று வியூவருக்கு 50 மி.மீ. லென்ஸ் எடுக்கிறார்கள். 384×288 பிக்சல் கொண்ட சென்சாரில் அது 100 மீட்டர் தூரத்தில் 9 மீட்டர் அகலத்தை மட்டுமே காட்டும், 19 மி.மீ. லென்ஸ் 24 மீட்டர் காட்டும். தேடுவதற்கு அகலம் வேண்டும், இல்லையென்றால் பத்துப் பன்றி கொண்ட கூட்டத்தில் இரண்டைப் பார்த்துவிட்டு மீதியைத் தவறவிடுவீர்கள். அகலமும் வேண்டும், அடையாளமும் தெரிய வேண்டும் என்றால் 640×512 சென்சாருக்குத்தான் போக வேண்டும், அதில் 35 மி.மீ. லென்ஸே கிட்டத்தட்ட 22 மீட்டர் காட்டிவிடும். இரண்டும் வாங்குகிறவர்கள் நல்ல சென்சாரை ஸ்கோப்புக்குக் கொடுத்துவிட்டு வியூவரை மலிவாக முடிக்கிறார்கள், எனக்கு இதில் உடன்பாடே இல்லை. என்ன விலங்கு என்ற முடிவு துப்பாக்கியைத் தூக்குவதற்கு முன்பே வியூவரில் எடுக்கப்பட வேண்டும், எனவே நல்ல சென்சார் அங்கேதான் இருக்க வேண்டும்.

வண்டிக்குள் உட்கார்ந்து கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு "சாதனம் வேலை செய்யவில்லை" என்று திருப்பிக் கொடுப்பவர்களும் உண்டு. சாதனம் பார்க்கும் அலைநீளத்து வெப்பக் கதிரைச் சாதாரணக் கண்ணாடி விடாது, லென்ஸையே ஜெர்மேனியம் என்ற தனிமத்தில் செய்வது அதனால்தான். கண்ணாடியை இறக்கிவிட்டுப் பாருங்கள். மழை, மூடுபனி, டெக்சாஸின் வளைகுடாக் கடற்கரையின் கோடைப் புழுக்கம் எல்லாமே படத்தை மங்கச் செய்யும்.

அப்புறம், அவ்வப்போது "டிக்" என்று ஒரு சத்தத்தோடு படம் ஒரு கணம் உறையும். சென்சார் தன்னைச் சரிசெய்துகொள்கிறது, பழுது இல்லை. ஆனால் விசையை அழுத்தும் நொடியில் அது நடந்தால் சிக்கல், அதனால் ஸ்கோப்பில் அதைக் கைமுறைக்கு மாற்றி வைத்து, சுடும் இடத்துக்கு வந்ததும் ஒரு தடவை நீங்களே அழுத்திவிடுங்கள். வியூவரின் திரை வெளிச்சத்தைக் குறைத்து, குறிபார்க்காத கண்ணால் பாருங்கள். இருட்டுக்குப் பழகிய மற்ற கண் அப்படியே இருக்கும்.

ஊரில் யாருக்காவது வாங்கிக்கொண்டு போகலாம் என்று நினைக்கிறவர்களுக்கு: இந்தியாவில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டைக்குத் தடை இருக்கிறது. அமெரிக்காவில் வாங்கிய தெர்மல் ஸ்கோப்பைத் தேவையான அனுமதி இல்லாமல் நாட்டை விட்டு எடுத்துப் போவது அங்கத்திய ஏற்றுமதிச் சட்டப்படியும் குற்றம். பெட்டியில் துணிகளுக்கு நடுவே வைத்து எடுத்துவரலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.