பழைய ஜீப்புக்கு ஆல் டெர்ரெய்ன் டயர்: மதுரைப் பக்கம் அடிக்கடி நடக்கும் தவறுகள்

ஐப்பசி மழை விட்ட மறுநாள். நத்தம் பக்கத்து மாந்தோப்பிலிருந்து தார்ச்சாலைக்கு வரும் செம்மண் பாதை முழுக்கச் சகதி. ஜீப்பை ஃபோர்வீலில், அதாவது நான்கு சக்கரமும் இழுக்கும்படி போட்டு, மெல்ல ஏறி வந்துவிட்டேன். தார்ச்சாலையில் ஏறியதும் லீவரைத் திருப்பியிருக்க வேண்டும். திருப்பாமல் இரண்டு கிலோமீட்டர் வந்துவிட்டேன். பிறகு இழுத்தால் லீவர் அசையவில்லை. இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தேன். ஸ்டீயரிங்கும் கல்லாக இருந்தது.

மெக்கானிக் அண்ணனுக்குப் போன் செய்தேன். அவர் கியர் பாக்ஸைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "தம்பி, முன்னால் என்ன டயர் போட்டிருக்கிறீர்கள், பின்னால் என்ன டயர்?" என்றுதான் கேட்டார். பின்னால் போன மாதம் வாங்கிய புது டயர் இரண்டு. முன்னால் பாதிக்கு மேல் தேய்ந்த பழையவை. "லீவரை முறுக்காதீர்கள். பத்தடி நேராகப் பின்னால் எடுங்கள்" என்றார். எடுத்தேன். அடியில் 'டக்' என்று ஒரு சத்தம்; லீவர் ஒரு விரலுக்கு இணங்கி வந்தது.

அந்தச் சத்தத்தில்தான் எனக்கு விஷயம் புரிந்தது. பழைய ஃபோர்வீல் வண்டியில் டயரும் கியர்களோடு சேர்ந்த ஓர் உறுப்பு. காருக்கு வாங்குவதுபோல அதற்கு டயர் வாங்கக் கூடாது.

இரண்டிரண்டாக வாங்குவது

நான் செய்த தவறு இதுதான். நான் பார்த்த பழைய ஜீப், மாருதி ஜிப்ஸிகளில் பாதிக்கு மேல் இதே கதைதான். கையில் இருக்கிற பணத்துக்கு இரண்டு டயர், மீதி அடுத்த வருடம். காருக்கு இது பெரிய குற்றமில்லை. நம் பழைய ஜீப்புகளில் ஃபோர்வீல் போட்டவுடன் முன் அச்சும் பின் அச்சும், எஞ்சின் சக்தியை இரண்டுக்கும் பிரித்துக் கொடுக்கும் பெட்டியான டிரான்ஸ்ஃபர் கேஸுக்குள் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்கின்றன. இரண்டுக்கும் நடுவே வேக வித்தியாசத்தைச் சமாளித்துக் கொடுக்கும் கியர் எதுவும் கிடையாது. முன்னால் எத்தனை சுற்றோ பின்னாலும் அத்தனை சுற்று.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 215/75 ஆர்15 அளவில் ஒரு புது டயரின் குறுக்களவு சுமார் 703 மில்லிமீட்டர். ஒரு கிலோமீட்டருக்கு அது 452 சுற்றுக்கு அருகில் சுற்றும். அதே டயரின் பட்டன், அதாவது தரையைத் தொடும் ரப்பர்க் கட்டைகள், 7 மில்லிமீட்டர் தேய்ந்துவிட்டால் குறுக்களவு 14 மில்லிமீட்டர் குறையும். சுற்று 461-ஐத் தாண்டும். ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஒன்பது சுற்று அதிகம். சகதியில் ஏதோ ஒரு சக்கரம் வழுக்கி அந்தக் கணக்கைத் தீர்த்துவிடுகிறது. தார்ச்சாலையில் டயர் வழுக்காது. அந்த ஒன்பது சுற்றும் முறுக்கமாக ஏறி, அச்சுகளுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் கிராஸ் மூட்டிலும் கியர் பற்களிலும் போய் உட்காரும். பின்னால் எடுத்தபோது அவிழ்ந்தது அந்த முறுக்கம்தான்.

நான்கு டயரும் ஒரே அளவாக இருந்தாலும் காய்ந்த தார்ச்சாலையில் ஃபோர்வீல் போடக் கூடாது. வளைவில் திரும்பும்போது முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அதிகத் தூரம் ஓடுகின்றன. டயர் அளவும் மாறியிருந்தால், நேர்ச்சாலையிலேயே முறுக்கம் ஏறும்.

ஆகவே நான்கையும் ஒன்றாக வாங்குங்கள். முடிந்தால் ஐந்து. ஸ்டெப்னியையும் சேர்த்து 8,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை இடம் மாற்றிக்கொண்டே வந்தால் ஐந்தும் ஒரே சீராகத் தேயும். பணம் போதவில்லை என்றால், மட்டமான நான்கையோ உசத்தியான இரண்டையோ வாங்குவதைவிட, நடுத்தர விலையில் நான்கு ஒரே மாதிரியாக வாங்குவது நல்லது.

இப்போது ஓடுகிற டயர்களைச் சோதிக்க ஒரு சாக்பீஸும் டேப்பும் போதும். எல்லா டயருக்கும் ஒரே அளவு காற்று வையுங்கள். டயரிலும் தரையிலும் ஒரே இடத்தில் கோடு போடுங்கள். வண்டியை மெதுவாகத் தள்ளி, டயரின் கோடு மறுபடி தரையைத் தொடும் இடத்தில் இன்னொரு கோடு. இரண்டுக்கும் இடைப்பட்ட தூரத்தை அளந்து, முன்னும் பின்னும் ஒப்பிடுங்கள். நான் அளந்தபோது என் வண்டியில் கிட்டத்தட்ட 4 சென்டிமீட்டர் வித்தியாசம் இருந்தது.

பட்டனின் அழகைப் பார்த்து வாங்குவது

டயர் கடையில் எடுத்தவுடன் கண்ணைப் பறிப்பது சகதிக்கென்றே செய்த மட் டெர்ரெய்ன் டயர். பெரிய பெரிய பட்டன், அகலமான பள்ளம், வண்டிக்கு ஒரு கம்பீரம். நம் வண்டி எங்கே ஓடுகிறது என்று நேர்மையாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். தோப்பு வைத்திருக்கும் பலருக்கும் பத்தில் எட்டுக் கிலோமீட்டர் தார்ச்சாலைதான். அங்கே மட் டெர்ரெய்ன் டயர் இரைச்சல் போடும். மே மாத வெயிலில் கொதிக்கும் தாரில் சீக்கிரம் தேயும். மழைத் தாரில் பிரேக் பிடித்தால் தரையைத் தொடும் ரப்பர் குறைவாக இருப்பதால் நிற்க நேரமாகும். அந்த இரண்டு கிலோமீட்டருக்காக எட்டுக் கிலோமீட்டரைக் கெடுத்துக்கொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை. ஹைவே டயரோ சகதியில் கைவிட்டுவிடும். நடுவில் நிற்பதுதான் ஆல் டெர்ரெய்ன்.

ஆனால் மண் ஊருக்கு ஊர் வேறு. மேலூர், நத்தம் பக்கத்துச் செம்மண்ணுக்கும் சரளைக்கும் ஆல் டெர்ரெய்ன் கச்சிதம். திருமங்கலம், கள்ளிக்குடி, பேரையூர் பக்கம் கரிசல். நனைந்த கரிசல் களியாகி, டயரின் பள்ளங்களை அடைத்துக்கொள்ளும். பத்துச் சுற்றுக்குள் டயர் மொழுக்கென்று ஆகிவிடும். எந்தப் பட்டன் என்று அடையாளம்கூடத் தெரியாது. "எல்லா மண்ணுக்கும்" என்று பெயர் வைத்திருப்பதை நம்பி, மழையன்று கரிசல் காட்டுக்குள் இறங்காதீர்கள். மழைக்காலத்தில் தினமும் இறங்கியே ஆகவேண்டிய விவசாயிக்கு மட் டெர்ரெய்ன் நியாயமான தேர்வு. மற்றவர்கள் ஒரு நல்ல வெயில் அடிக்கும்வரை காத்திருக்கலாம்.

இன்னொன்று, சீமைக் கருவேல முள். கண்மாய்க் கரையிலும் தோப்பு வேலியிலும் வெட்டிப் போட்ட முள்ளில் ஏறாமல் நம் பக்கத்தில் வண்டி ஓட்ட முடியாது. பட்டன் வழியே ஏறினால் பஞ்சர் ஒட்டிக்கொள்ளலாம். டயரின் பக்கச் சுவரில் ஏறினால் அந்த டயரை நம்ப முடியாது. மேலூர்ப் பக்கம் குவாரிப் பாதைகளில் கிடக்கும் கிரானைட் சில்லும் பக்கச் சுவரைத்தான் கிழிக்கும். எனவே பட்டனைப் பார்க்கும் நேரத்தில் பாதியைப் பக்கச் சுவருக்குக் கொடுங்கள். பட்டன் பகுதியில் எத்தனை அடுக்கு, பக்கச் சுவரில் எத்தனை அடுக்கு என்று சின்ன எழுத்தில் தனித்தனியாக அச்சிட்டிருப்பார்கள். பக்கச் சுவரில் இரண்டடுக்கு இருப்பதே வழக்கம். மூன்றடுக்கு கிடைத்தால் கொஞ்சம் கூடுதல் விலை கொடுக்கலாம்.

பெரிதாகப் போடுவது

"ஒரு சைஸ் ஏற்றிப் போடுங்கள், உயரம் கிடைக்கும்" என்று சொல்லாத ஆளில்லை. 215/75 ஆர்15-க்குப் பதில் 235/75 ஆர்15 போட்டால் குறுக்களவு 30 மில்லிமீட்டர் கூடும். வண்டி உயர்வது அதில் பாதி, வெறும் 15 மில்லிமீட்டர். அந்த ஒன்றரை சென்டிமீட்டருக்கு நாம் கொடுக்கும் விலையைப் பாருங்கள். எல்லா கியரும் நான்கு சதவீதம் நீண்டுவிடும்; அதாவது இழுவை அந்த அளவுக்குக் குறையும். பவர் ஸ்டீயரிங் இல்லாத வண்டி நின்ற இடத்தில் திரும்ப மறுக்கும். டிரம் பிரேக் கூடுதல் எடையை நிறுத்த வேண்டும்.

ஜிப்ஸிக்கு இது இன்னும் கடுமை. 205/70 ஆர்15 போட்டு வந்த வண்டியில் 235/75 ஆர்15 ஏற்றினால் கிட்டத்தட்டப் பத்து சதவீத வித்தியாசம். ஸ்பீடாமீட்டர் 60 காட்டும்போது வண்டி 66-ஐ நெருங்கியிருக்கும். 1.3 லிட்டர் பெட்ரோல் எஞ்சினோடு ஆட்களையும் ஏற்றிக்கொண்டு சிறுமலையின் 18 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிப் பாருங்கள். இரண்டாம் கியரில் ஏறிய வளைவுகள் முதல் கியரைக் கேட்கும். இறங்கும்போதும் எஞ்சின் பிடிமானம் அதே அளவு குறையும். எனக்குக் கவலை இறக்கத்தைப் பற்றித்தான்.

பெரிய டயர்தான் வேண்டும் என்றால், வாங்கும் முன் ஒன்றை மட்டும் மாட்டி, ஸ்டீயரிங்கை இரு பக்கமும் கடைசிவரை திருப்பி, ஸ்பிரிங் பட்டையில் உரசுகிறதா என்று பாருங்கள். நான்கு பேரைப் பின்னால் ஏற்றியும் பாருங்கள். ரிம்மின் அகலம் அந்த டயருக்குப் பொருந்த வேண்டும், 6.00-16 டயருக்காகச் செய்த பழைய ஒடுங்கிய ரிம்மில் அகலமான ரேடியலைத் திணித்தால் நடுப்பகுதி பிதுங்கி, நடுவில் மட்டும் தேயும். பின்கதவில் ஸ்டெப்னி தொங்கும் வண்டி என்றால், பழைய கீலும் தகடும் புது எடையைத் தாங்குமா என்றும் யோசியுங்கள். பாடிக்கு வெளியே டயர் நீட்டிக்கொண்டிருந்தால், 15 ஆண்டு முடிந்து பதிவைப் புதுப்பிக்கப் போகும் நாளில் கேள்வி வரும். தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு கட்டுப்படுத்துகிறது.

வயதைப் பார்க்காமல் வாங்குவது

தோப்பு ஜீப் ஒரு வருடத்தில் எவ்வளவு ஓடும்? என்னுடையது 3,000 கிலோமீட்டர் தாண்டாது. அப்படியானால் பட்டன் தேய்வதற்கு முன்பே ரப்பர் முதிர்ந்துவிடும். "ஐம்பதாயிரம் ஓடும்" என்று கடைக்காரர் சொல்வது நமக்குத் தேவையே இல்லாத பெருமை. நாம் பார்க்க வேண்டியது தேதி. பக்கச் சுவரில் டி.ஓ.டி. என்ற எழுத்துகளோடு வரும் தொடரின் கடைசி நான்கு எண்கள்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். தகரக் கூரைக்கடியில் மதுரை வெயிலில் மூன்று வருடம் வெந்த டயரைத் தள்ளுபடி விலையில் கொடுத்தால், அந்த மூன்று வருடமும் நம் கணக்கில்தான் கழியும். ஆறு வருடம் ஆனதும் வருடத்துக்கு ஒருமுறை வெடிப்பு இருக்கிறதா என்று ஒரு தேர்ந்த கண்ணிடம் காட்டுங்கள். பத்து வருடம் ஆனால் பட்டன் புதிதுபோல இருந்தாலும் கழற்றிவிடுங்கள். ஸ்டெப்னிக்கும் இதே கணக்கு.

பக்கத்திலேயே சுமைக் குறியீடும் இருக்கும். 97 என்றால் ஒரு டயருக்கு 730 கிலோ, 100 என்றால் 800, 104 என்றால் 900. வண்டியில் முதலில் இருந்ததைவிடக் குறைந்த எண்ணை வாங்கவே கூடாது. அதற்காக லாரி டயர்போல முரட்டு அடுக்குகள் கொண்டதையும் வாங்காதீர்கள். ஒரு டன்னைச் சுற்றி எடையுள்ள வண்டியில் அது வளைந்தே கொடுக்காது. பட்டை ஸ்பிரிங்கோடு சேர்ந்து ஒவ்வொரு கல்லையும் நம் முதுகுத்தண்டில் எண்ணிக் காட்டும்.

நைலான் டயரையும் (நூலடுக்குகள் குறுக்கும் மறுக்குமாக ஓடும் பழைய வகை) ரேடியலையும் ஒரே அச்சில் கலப்பதைப் பற்றி ஒரே வார்த்தை: வேண்டாம்.

பழைய ரிம்மில் டியூப்லெஸ்

டியூப்லெஸ் டயரின் விளிம்பைப் பிடித்து நிறுத்த ரிம்மின் உள்பக்கம் ஒரு சின்ன மேடு உண்டு. பழைய ஜீப் ரிம் பலவற்றில் அந்த மேடு கிடையாது. காற்று குறைந்த நேரத்தில் வளைவில் டயர் விளிம்பை விட்டு நழுவிவிடலாம். அப்படிப்பட்ட ரிம்மில் ரேடியலுக்கென்றே செய்த டியூபைப் போட்டு ஓட்டுங்கள், அல்லது ரிம்மை மாற்றுங்கள். டயரைக் கழற்றியதும் ரிம்மின் விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். துரு செதிலாக உரிந்தால் தேய்த்து, பெயின்ட் அடித்து, அதன்பிறகு மாட்டுங்கள்.

தளர்ந்த முன்பகுதியில் புது டயர்

முன் சக்கரத்தைத் தாங்கித் திருப்பும் கிங் பின் பேரிங், டை ராட் முனை, வீல் பேரிங் எல்லாம் ஆடிக்கொண்டிருக்கும்போது புது டயர் போடுவது, ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவது. ஜாக்கியில் ஏற்றி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். பிறகு இடமும் வலமும். ஆட்டம் தெரிந்தால் முதல் செலவு அங்கே. கழற்றப் போகும் பழைய டயரின் மேல் உள்ளங்கையைக் குறுக்காக ஒரு திசையில் தடவுங்கள், பிறகு எதிர்த்திசையில். ஒரு பக்கம் வழுவழுப்பாகவும் மறுபக்கம் ரம்பம்போலவும் பட்டால் அலைன்மென்ட் போய்விட்டது என்று பொருள்.

காற்றைக் காலையில், வண்டி ஓடுவதற்கு முன் பாருங்கள். டயர் வகை மாறினால் பழைய அளவு பொருந்தாமல் போகலாம். பட்டனின் குறுக்கே சாக்பீஸால் கோடு போட்டு, நேரான தார்ச்சாலையில் நூறு மீட்டர் ஓட்டுங்கள். நடுவில் மட்டும் அழிந்தால் காற்று அதிகம், ஓரங்களில் மட்டும் அழிந்தால் குறைவு.

கடையில் டயரை மாற்றும்போது பக்கத்தில் நில்லுங்கள். சில பழைய ஜீப்புகளில் இடப்பக்கச் சக்கரத்தின் நட்டுகளுக்கு எதிர்த்திசை மரை. போல்ட்டின் முனையில் 'எல்' என்ற எழுத்து பொறித்திருக்கும். இது தெரியாத பையன், கழற்றுவதாக நினைத்து மெஷினால் இறுக்கிக்கொண்டே போவான், போல்ட் முறிந்துவிடும். அவன் மெஷினை எடுக்கும் முன்பே சொல்லிவிடுங்கள். மாட்டி நூறு கிலோமீட்டர் ஓடியதும், நீங்களே ஸ்பானரை எடுத்து எல்லா நட்டுகளையும் இன்னொரு முறை இறுக்கிப் பாருங்கள். எதிர்த்திசை மரை உள்ள வண்டியில் இடப்பக்கம் இடப்புறமாக, வலப்பக்கம் வலப்புறமாக; மற்ற வண்டிகளில் இரு பக்கமும் வலப்புறமாக.