ஓடைப் பாலம் பட்டியலில் ஏறிய விதம்

பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில் எங்கள் வார்டு. தெருமுனை ஓடைப் பாலம் இடிந்துபோய், மழை பெய்தால் தண்ணீர் வீட்டுக்குள் புகுந்தது. பஞ்சாயத்து ஆபீசில் தமிழிலேயே மனு கொடுத்தோம். வாங்கி வைத்துக்கொண்டார்கள், அதோடு சரி. கிராம சபையில் எழுந்து பேசினோம். எல்லாரும் தலையாட்டினார்கள். ஆண்டுத் திட்டப் பட்டியல் வந்தபோது பாலத்தைக் காணோம்.

அடுத்த சபை வரை மழை காத்திருக்காது. 1994-ஆம் ஆண்டு கேரளப் பஞ்சாயத்துராஜ் சட்டத்தில் ஒரு வழி இருக்கிறது: வார்டு வாக்காளர்களில் 10 சதவீதம் பேர், எதைப் பேச வேண்டும் என்று எழுதிக் கேட்டால், 15 நாளுக்குள் சிறப்புக் கிராம சபை கூட்ட வேண்டும். குடும்பஸ்ரீ என்ற பெண்கள் சுயஉதவிக் குழுவின் அக்காமார் வீடுவீடாகப் போய்க் கையெழுத்து வாங்கினார்கள். மனு திரும்பி வந்தது. இவர்கள் இந்த வார்டுக்காரர்கள்தானா என்று சரிபார்க்க முடியவில்லையாம்.

சரி, ஒவ்வொரு கையெழுத்துக்கும் பக்கத்தில் வாக்காளர் வரிசை எண் போட்டோம். இதில்தான் சூட்சுமம்: சட்டமன்றத் தேர்தல் பட்டியல் எண் செல்லாது. மாநிலத் தேர்தல் ஆணையம் உள்ளாட்சிக்கென்று தயாரிக்கும் பட்டியல் தனி, அதில் எண்ணும் வேறு. அந்த எண்ணைப் போட்டதும் மனுவை ஏற்றுக்கொண்டார்கள்.

சபை முடிந்ததும் யாரையும் கலையவிடாமல், மினிட்ஸ் புத்தகத்தை அங்கேயே சத்தமாகப் படிக்கச் சொன்னோம். 'ஓடைப் பாலம்' என்று மட்டும் எழுதியிருந்தார்கள். வார்டில் ஓடைப் பாலம் ஒன்றா இருக்கிறது? தெருப் பெயரையும் சேர்க்க வைத்தோம். திருத்திய பட்டியலில் பாலம் ஏறிவிட்டது. இப்போதுதான் நிம்மதி.